மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்: எளிமை யாருடைய கையில் இருந்தது?

"அந்தக் காலத்துக் கார் எண்டால் இரும்பு. இப்பத்தையது வெறும் பிளாஸ்ரிக்." யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவரும் இந்த வசனத்தைப் பத்துத் தரமாவது கேட்டிருப்பார்கள். கலியாண வீட்டு வாசலில் பூமாலை கட்டின ஒஸ்ரின் ஏ-40 ஒன்று வந்து நின்றால் போதும், பக்கத்தில் நிக்கிற பெரியப்பாமார் தொடங்கிவிடுவினம். ஒரு குறடும் ஒரு ஸ்குறூ டிரைவரும் இருந்தால் நடு ரோட்டிலயே திருத்திப்போடலாமாம். இப்பத்தைய காருக்கு ஒரு சின்னப் பிழை வந்தாலும் கொம்பியூட்டர் வேணுமாம். அவையின்ர கதையில் பொய் இல்லை. ஆனால் முழுக் கதையும் அதில் இல்லை.

நாங்கள் 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு பிறந்த ஆக்கள். எங்களுக்கு அந்தக் கார் பெரும்பாலும் பக்கத்தில் நிண்டு படம் எடுக்கிற ஒரு சாமான். அது ஏன் இங்க இவ்வளவு காலம் ஓடினது, அதன்ர எளிமை எங்கயிருந்து வந்தது, அந்த எளிமைக்கு யார் விலை குடுத்தது எண்டு நாங்கள் பெரிசாக் கேட்டதில்லை. இந்தக் கட்டுரையில் அதைக் கேட்டுப் பார்க்கிறோம்.

பொனற்றைத் திறந்தால்

இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஒஸ்ரின் ஏ-40. 1947இல் இங்கிலாந்தில் வந்த வடிவத்துக்கு டெவோன் எண்டு பெயர். 1952இல் அதன் இடத்துக்கு சொமசெற் வந்தது. மற்றது மொறிஸ் மைனர். 1948இல் லண்டன் ஏள்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1959இல் வந்த மினி காரும் அவருடைய கைவண்ணம்தான். யுத்தம் முடிந்து கடனில் கிடந்த பிரித்தானியாவுக்கு அப்போது வெளிநாட்டுக் காசு தேவைப்பட்டது. ஏற்றுமதி செய்கிற கொம்பனிகளுக்கே முதலில் உருக்கு எண்டு அரசாங்கம் நின்றது. அதனால் அந்தக் கார்களில் பெருந்தொகையானவை கப்பலேறின. 1948இல் சுதந்திரம் பெற்ற இலங்கையும் அவை வந்து இறங்கிய சந்தைகளில் ஒன்று.

ஏ-40இன்ர எஞ்சின் 1200 சீசீ. மைனரின்ர முதல் எஞ்சின் 918 சீசீதான். இரண்டுக்கும் நாலு சிலிண்டர். பொனற்றைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிக் கை விட்டு வேலை செய்யத் தாராளமாக இடம் இருக்கும்.

ஒரு பெற்றோல் எஞ்சின் ஓடுறதுக்கு மூன்று காரியம் நடக்க வேணும். எரிபொருளும் காத்தும் கலக்க வேணும். அந்தக் கலவை சிலிண்டருக்குள்ள நெருக்கப்பட வேணும். சரியான நேரத்தில் பொறி விழ வேணும். பழைய காரில் இந்த மூன்றையும் தேடிக் கண்டுபிடிக்கலாம். கலக்கிறது காபரேற்றர். அதைக் கழட்டிக் கழுவி, ஊதித் திருப்பிப் பூட்டலாம். பொறியை நேரத்துக்கு விழ வைக்கிறது டிஸ்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற 'பொயின்ற்' எண்ட இரண்டு சின்ன உலோக முனைகள். பிந்திய மைனர்களில் அந்த முனைகளுக்கு இடையில் இருக்க வேண்டிய இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு. ஒரு மெல்லிய அளவுத் தகடு இருந்தால் ஒரு பதினைந்து வயதுப் பெடியனும் அதைச் சரிபார்க்கலாம். பற்றரி வீக் எண்டால் முன்பக்கத்தால் ஒரு இரும்பு ஹான்டிலை விட்டுச் சுத்தி ஸ்ராட் பண்ணலாம். திரும்பப் போறம் எண்டு காட்ட, கதவுத் தூணுக்குள்ள இருந்து ஒரு சின்னக் கை வெளியில நீளும்.

இதைவிட முக்கியமான ஒன்று, கொம்பனி காரோடு குடுத்த கைநூல். வயரிங் படம், பொயின்ற் இடைவெளி, வால்வு இடைவெளி பார்க்கிற முறை எல்லாம் அதிலயே அச்சடிச்சு இருந்தது. வாங்கினவர் தானே பார்ப்பார், அல்லது பக்கத்துக் கராஜில் குடுத்துப் பார்ப்பிப்பார் எண்டு கொம்பனியே எதிர்பார்த்தது.

அதுக்காக எளிமை எண்டால் வேலை குறைவு எண்டு நினைக்கக் கூடாது. சக்கரப் பக்கத்து மூட்டுகளுக்கு அடிக்கடி கிறீஸ் அடிக்க வேணும். பொயின்ற் தேயும். சில ஆயிரம் மைலுக்கு ஒருக்கா சிலிண்டர் ஹெட்டைக் கழட்டிக் கரி சுரண்டி, வால்வு அரைக்க வேணும். இப்பத்தைய கார் மாசக்கணக்கா ஒருத்தரும் பொனற்றைத் திறக்காமலே ஓடும். மைனரை அப்படி விட்டால் அது நிண்டுவிடும். அந்தக் கார் எளியதுதான், ஆனால் அதுக்குப் பக்கத்தில் எப்பவும் விஷயம் தெரிந்த ஒரு ஆள் தேவைப்பட்டார்.

ஆசையால் நிலைக்கவில்லை

பிரித்தானியாவிலேயே மைனர் உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் நிண்டுபோனது. அதுவரைக்கும் 16 இலட்சத்துக்கு மேல் செய்திருந்தார்கள். அங்கே அவை மெல்ல மெல்ல இரும்புக் கடைக்குப் போக, இங்கே அவை ரோட்டிலேயே நின்றன. எங்கட ஆக்களுக்குப் பழைய சாமானில் இருந்த பாசம் எண்டு இதைச் சொல்லுவது வழக்கம். காரணம் அதைவிடச் சாதாரணமானது: புதுக் கார் வரவில்லை.

1960களின் தொடக்கத்தில் நாட்டின் அந்நியச் செலாவணி கரையத் தொடங்க, கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970க்கும் 1977க்கும் இடையில் அது இன்னும் இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரைக்கும், முன்னர் வந்த கார்களை வைத்துத்தான் நாடு ஓடினது. ஒரு கார் தகப்பனிட்ட இருந்து மகனுக்குப் போனது, பிறகு ஹயர் கார் ஆனது. கியூபாவிலும் இதே கதைதான். 1960களில் அமெரிக்கா போட்ட தடைக்குப் பிறகு அங்க நிண்டுபோன 1950களின் அமெரிக்கக் கார்களைத்தான் இப்ப சுற்றுலாப் பயணிகள் அழகு எண்டு படம் எடுக்கினம். அந்த அழகுக்கு அடியில் இருப்பது தட்டுப்பாடு.

"கார் மட்டுமில்லை, காலமும் எளிமையா இருந்தது" எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். அவையளுக்கு அந்தக் கார்களின்ர இலக்கத் தகட்டைக் காட்டலாம். 1950களின் முற்பாதியில் பதிந்த கார்களில் ஈ.என்., ஈ.எல்., ஈ.வை. எண்ட ஆங்கில எழுத்துகள் இருக்கும். 1957இல் இருந்து அந்த இடத்துக்குச் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. தனிச் சிங்களச் சட்டம் வந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்பில் இறங்கியது. பிறகு பண்டா – செல்வா ஒப்பந்தத்தோடு அது அடங்கியது. 1958 மார்ச்சில் ஸ்ரீ எழுத்துப் போட்ட இ.போ.ச. பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட, எதிர்ப்பு மறுபடி மூண்டது. இங்கே சிங்கள ஸ்ரீயை அழித்தார்கள். தெற்கில் தமிழ் எழுத்துகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரலில் ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. மே மாதம் கலவரம். அந்த எளிய கார்கள் ஓடின ரோட்டில்தான் இது எல்லாம் நடந்தது.

சொட்டுப் பெற்றோலும் மிச்சம் மண்ணெண்ணெயும்

இந்தக் கார்களின் உண்மையான சோதனை 1990இல் வந்தது. யூனில் யுத்தம் மறுபடி தொடங்க, குடாநாட்டுக்கான தரைப்பாதை மூடப்பட்டது. மின்சாரம் நிண்டது. பொருளாதாரத் தடையில் பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் எண்டு ஒரு நீளப் பட்டியல் அடைபட்டது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தின அளவில் வந்தது. அதுவும் விளக்குக்கும் அடுப்புக்கும் எண்டு வந்தது.

பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊத்தினால் என்ன நடக்கும்? எஞ்சின் குளிர்ந்து கிடந்தால் ஒண்டும் நடக்காது. பெற்றோல் குளிரிலயும் ஆவியாகும். மண்ணெண்ணெய் நல்லாச் சூடு கண்டால்தான் ஆவியாகும். ஆவியாகாமல் அது காத்தோடு கலக்காது, பொறி விழுந்தாலும் பத்தாது. ஆகவே முதலில் கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்ராட் பண்ண வேணும். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்த வேணும். அந்தக் 'கொஞ்சம்' நாளாக நாளாகச் சொட்டுக் கணக்குக்கு வந்தது. சின்னப் போத்தலில் பெற்றோலைப் பக்குவமாகக் கொண்டு திரிந்து, சில சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணுவது அந்தக் காலத்தின் அன்றாடக் காட்சி. மோட்டார் சைக்கிளுக்கும் அதே வைத்தியம்தான்.

இது எங்கட ஊரில் மந்திரத்தால் வந்த கண்டுபிடிப்பு இல்லை. 1940களின் கடைசியில் பிரித்தானிய விவசாயிகளிடம் இருந்த பேர்குசன் ரக்ரர்களில் ஒரு வகை இதே முறையில்தான் ஓடினது. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய் போன்ற மலிவு எரிபொருளுக்கு மாத்துவார்கள். ஆனால் அந்த ரக்ரரை அதுக்காகவே செய்திருந்தார்கள். ஏ-40ஐயும் மைனரையும் ஒருத்தரும் அதுக்காகச் செய்யவில்லை. அவை ஒத்துப்போனதுக்கு இரண்டு காரணம். முதலாவது, அந்த எஞ்சின்கள் கலவையை நெருக்கிற அளவு குறைவு, ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று. மண்ணெண்ணெயை அதிகமாக நெருக்கினால் பொறி விழுந்த பிறகு கலவை கண்டபடி வெடித்து எஞ்சின் 'தட்டும்'. குறைவாக நெருக்கிற எஞ்சின் அதைத் தாங்கிக்கொள்ளும். இரண்டாவது, கலவை உள்ளே போகிற குழாயும் புகை வெளியில வருகிற குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருந்தன. புகைக் குழாயின் சூடு உள்ளே போகிற மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவியது.

மூன்றாவது காரணம் காருக்கு வெளியில் இருந்தது. கராஜ்களில் நிண்ட ஆக்கள். பிளக்கில் கரி பிடிக்கும், அடிக்கடி கழட்டிச் சுரண்ட வேணும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வடிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணியாப் போய் பெயாரிங் தேயும். இதெல்லாம் எந்தக் கைநூலிலும் இல்லை. புதுச் சாமான் வராத இடத்தில் ஒரு காரைக் கழட்டி இன்னொரு காருக்குப் பூட்ட வேணும், அல்லது லேத் மெசினில் கடைந்து எடுக்க வேணும். பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட பெடியள் கராஜில் சாமான் எடுத்துக் குடுத்து, பார்த்துப் பார்த்துப் பழகின அறிவு அது. பல்கலைக்கழகத்தில் ஒருத்தரும் அதைப் படிப்பிக்கவில்லை, சான்றிதழும் குடுக்கவில்லை.

யார் அந்தக் கதைக்குள் இல்லை?

இந்த இடத்தில் நிண்டு பெருமைப்பட்டுவிட்டுப் போகலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்யினம். ஆனால் வரலாறு எழுத வந்த நாங்கள் இரண்டு மூன்று விஷயத்தைப் பார்க்காமல் போக ஏலாது.

ஒன்று, காரில் எரிஞ்ச மண்ணெண்ணெய் ஒரு வீட்டு விளக்கின் மண்ணெண்ணெயும்தான். ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சை வைத்து, அதில் கொஞ்ச எண்ணெய் விட்டுத் திரியைக் கொளுத்தி, சொட்டு எண்ணெயை மிச்சம் பிடித்துப் பிள்ளைகள் படித்த காலம் அது. ஹயர் கார் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது உண்மை. ஆனால் மண்ணெண்ணெய்க்குக் காசு குடுக்கக்கூடியவர்தான் அதில் ஏறலாம் என்பதும் உண்மை.

இரண்டு, அண்டைக்கு எங்கட சனத்தில் பெரும்பங்கைக் காவியது சைக்கிள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது, நாவற்குழிப் பாலத்தால் போன சனம் நடந்தும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டும்தான் போனது. கைப்பிடியில் பை, கரியரில் அம்மம்மா. எளிய வாகனத்துக்கு ஒரு நினைவுச் சின்னம் வைக்க வேணும் எண்டால் ஏ-40க்கு முதல் ஒரு கரியர் வைத்த லுமாலா சைக்கிளுக்குத்தான் வைக்க வேணும். கார் நினைவில் பெரிதாக நிக்கிறதுக்குக் காரணம், அது வைத்திருந்த ஆக்களின் கதையை நாங்கள் அதிகமாகக் கேட்டிருக்கிறோம்.

மூன்று, இரும்புச் சாமான், பழைய உதிரிப்பாக வியாபாரத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு முக்கியமான இடம் இருந்தது. 1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் அவர்களைச் சில மணி நேர அவகாசத்தில், சொத்துகளை விட்டுவிட்டுக் குடாநாட்டை விட்டு வெளியேறச் செய்தார்கள். தடைக்குள் இருந்துகொண்டு எப்படித் திருத்தினம், எப்படிச் சமாளிச்சம் எண்டு நாங்கள் பெருமையோடு சொல்லுகிற கதை, அந்த வருடத்தில் இருந்துதான் தொடங்குகிறது. இரும்புச் சாமான் தெரிந்த அந்தக் கைகள் அந்தக் கதைக்குள் இல்லை. ஏன் இல்லை எண்டு சொல்லாமல் அந்தக் கதையைச் சொல்ல ஏலாது.

எளிமையின் கணக்கு

இனிக் காரையே பார்ப்போம். மைனரின்ர பிரேக்கில் நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ப் பாதைதான். ஒரு குழாய் வெடித்தால் நாலு பிரேக்கும் போகும். முதல் வந்த கார்களில் சீற் பெல்ற் இல்லை. முன்னால் மோதினால் ஸ்ரியறிங் தண்டு மடங்காமல் நேரே நெஞ்சுக்கு வரும். மூன்று புள்ளி சீற் பெல்ற்றை வொல்வோ கொம்பனியின் நில்ஸ் போலின் 1959இல் கொண்டு வந்தார். முன்பக்கம் நசுங்கி மோதலின் வேகத்தைத் தானே வாங்கிக்கொள்ள வேணும் எண்ட யோசனையை மெர்சிடிஸ் அதே வருடத்தில் ஒரு காரில் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. "இரும்பு, நசுங்காது" எண்டு பெரியப்பா பெருமையாகச் சொல்லுகிற அதே இரும்பு மோதலின் அடியை உள்ளுக்கு இருக்கிற ஆளுக்குக் கடத்தினது. இப்பத்தைய கார் நசுங்குவது ஆளைக் காப்பாற்றத்தான்.

புகையும் அப்படித்தான். எஞ்சின் தட்டாமல் இருக்கப் பெற்றோலில் ஈயம் கலந்தார்கள். அந்த ஈயம் புகையோடு வந்து பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் எண்டு தெரிந்த பிறகும் பல வருடம் கலந்தார்கள். இலங்கையில் அது 2002இல்தான் நிண்டது. உலகத்தில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021இல்.

கொம்பியூட்டர் காருக்குள் வந்த கதையும் புகையில்தான் தொடங்குகிறது. லொஸ் ஏஞ்சலீஸ் நகரத்தைப் புகைமூட்டம் மூட, அமெரிக்கா 1970இல் சுத்தமான காற்றுச் சட்டத்தை இறுக்கியது. புகையைச் சுத்திகரிக்கிற கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் 1975இல் இருந்து அமெரிக்கக் கார்களில் பரவலாகியது. அதன் அடுத்த வகை மூன்று நச்சுப் பொருள்களை ஒரேயடியாகக் குறைக்கும். அதுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காத்து எண்ட நிறைக் கணக்கு கிட்டத்தட்டப் பிசகாமல் இருக்க வேணும். ஸ்குறூவைத் திருப்பிச் சரி செய்கிற காபரேற்றரால் அதை ஒவ்வொரு விநாடியும் காப்பாற்ற ஏலாது. அதனால் புகைக் குழாயில் ஒக்சிஜன் சென்சர் வந்தது. சென்சர் சொல்லுறதைக் கேட்டுப் பெற்றோலைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னக் கொம்பியூட்டர் வந்தது. காபரேற்றர் போய் இன்ஜெக்டர் வந்தது.

அதாவது, திருத்திறதுக்கு லேசான கார் சுவாசிக்கிறதுக்குக் கஷ்டமான கார். இதை மறந்துவிட்டு "பழசுதான் நல்லம்" எண்டு சொல்ல எங்களுக்கு மனமில்லை.

பூட்டு எங்க விழுந்தது?

அப்ப பெரியப்பாவின்ர முறைப்பாடு பிழையா? இல்லை. அவர் கைகாட்டுகிற இடம்தான் வேற.

சென்சரும் கொம்பியூட்டரும் வந்ததால் மட்டும் கார் மூடுண்டு போகவில்லை. 1996இல் இருந்து அமெரிக்காவில் விற்கிற கார்களுக்கு ஒரு பொதுவான சொக்கெற் கட்டாயமாக்கப்பட்டது. அதில் ஸ்கானரைச் செருகினால் என்ன பிழை எண்டு ஒரு இலக்கம் வரும். எந்தக் கொம்பனிக் காருக்கும் அந்த அடிப்படை இலக்கங்கள் ஒன்றுதான். நல்ல ஸ்கானர் வைத்திருக்கிற ஒரு கராஜுக்கு இது பொயின்ற் இடைவெளி பார்க்கிறதைவிட லேசு. கொம்பியூட்டர் இருக்கிற காரும் திறந்த காராக இருக்கலாம் என்பதுக்கு அந்தச் சொக்கெற்றே சாட்சி.

மூடினது அதுக்குப் பிறகு. பாகங்கள் ஒன்றோடொன்று கதைக்கத் தொடங்கின. புதுத் திறப்பை, சில கார்களில் புது பற்றரியைக்கூட, கொம்பனியின்ர மென்பொருளால் 'பதிவு' செய்தால்தான் கார் ஏற்கும் எண்டு வந்தது. பாதுகாப்புக்கு, திருட்டைத் தடுக்க எண்டு சொன்னார்கள். ஓரளவுக்கு அது உண்மை. ஆனால் பி.எம்.டபிள்யூ 2022இல் சில நாடுகளில், காருக்குள் ஏற்கெனவே பூட்டியிருக்கிற சீற் சூடாக்கியை மாசக் கட்டணம் கட்டினால்தான் வேலை செய்ய விடுவம் எண்டு வந்தபோது அது என்ன பாதுகாப்பு? எதிர்ப்புக்குப் பிறகு 2023இல் அதைக் கைவிட்டார்கள். அமெரிக்க விவசாயிகள் ஜோன் டியர் ரக்ரரைத் தாங்களே திருத்த ஏலாமல் சண்டை பிடிக்கினம். 2025 ஜனவரியில் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு அந்தக் கொம்பனிக்கு எதிராக வழக்கும் போட்டது. 1940களில் மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓட்டின ரக்ரரில் இருந்து, சொந்தக்காரனே திருத்த ஏலாத ரக்ரர் வரைக்கும் வந்திருக்கிறோம்.

இதுக்கு எதிராக உலகத்தில் 'திருத்தும் உரிமை' எண்ட இயக்கம் இருக்கிறது. அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் 2012இலும் 2020இலும் மக்கள் வாக்களித்து, கார்த் தகவலைச் சொந்தக்காரருக்கும் வெளிக் கராஜுக்கும் குடுக்க வேணும் எண்டு தீர்மானித்தார்கள். அவர்கள் காபரேற்றரைத் திரும்பக் கேட்கவில்லை. கைநூலைத்தான் திரும்பக் கேட்டார்கள்.

எங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. 2020 மார்ச்சில் நாடு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 தொடக்கம் வரைக்கும் தனியார் கார்கள் வரவில்லை. 1960களின் கதை மறுபடி நடந்தது. ஆனால் இந்த முறை ரோட்டில் நிண்டது ஹைபிரிட் கார்கள். அதன் பெரிய பற்றரி மூப்படைந்தால் பக்கத்து லேத் மெசினில் கடைந்து எடுக்க ஏலாது. அதில் ஓடுறது 200 வோல்ற் அளவு மின்சாரம். தெரியாமல் கை வைத்தால் ஆள் போகும். யப்பானில் பாவித்து இங்க வந்த கார்கள் பலவற்றில் திரை யப்பான் மொழியில் எழுத்துக் காட்டும், கைநூலும் யப்பான் மொழியில். 2022இல் பெற்றோல் வரிசையில் நாள்க்கணக்காக நிண்டபோது, "அந்தக் காலத்தில் மண்ணெண்ணெயில ஓடினம்" எண்டு வரிசையில் நிண்ட பழைய ஆக்கள் சொல்லிச் சிரித்தார்கள். இப்பத்தைய எஞ்சின் பத்துக்கு ஒன்று, அதுக்கு மேலும் நெருக்குது. மண்ணெண்ணெய் விட்டால் தட்டும், சென்சர் குழம்பும், கொன்வேர்ட்டர் பழுதாகும். அண்டைக்கு மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான் என்பது வேற கதை.

நாங்கள் என்ன கேட்க வேணும்?

நாங்கள் வந்து சேருகிற இடம் இதுதான். பழைய காரின்ர எளிமை இரும்பில் இருக்கவில்லை. அதைத் திறக்கலாம், தெரிந்துகொள்ளலாம், கைக்குக் கிடைச்சதை வைத்துத் திருத்தலாம் எண்ட நிலைமையில் இருந்தது. அந்த நிலைமையை அரைவாசி கொம்பனி கைநூலில் குடுத்தது. மிச்ச அரைவாசியைக் கராஜ்களில் நிண்ட பெடியள் உண்டாக்கினார்கள். தட்டுப்பாடு அதை வெளியில் கொண்டு வந்தது, அதுக்காகத் தட்டுப்பாட்டைக் கொண்டாடத் தேவையில்லை. எயார் பாக்கும் ஈயம் இல்லாத பெற்றோலும் எங்களுக்கு வேணும். அதோடு கைநூலும் வேணும், பூட்டில்லாத உதிரிப்பாகமும் வேணும். அடுத்து வரப்போவது மின்சாரக் கார்கள். அவற்றை யார் திறக்கலாம், அதைத் திருத்தப் பழக்குகிற பாடம் வடக்கு கிழக்கில் எத்தனை தொழிற்பயிற்சி நிலையத்தில் தமிழில் இருக்கும் எண்டு இப்பவே கேட்க வேணும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அது எங்கட கையிலேயே இருக்கிறது. 1990களில் அந்தக் கார்களை ஓட வைத்தவர்களுக்கு இப்ப அறுபது, எழுபது வயது. எத்தனை சொட்டில் ஸ்ராட் வரும், எந்த இடத்தில் மண்ணெண்ணெய்க்கு மாத்தினது, ஒயில் தண்ணியாப் போனதை எப்படிக் கண்டுபிடிச்சது, அந்த வேலைக்கு அவை வைத்திருந்த தமிழ்ச் சொல் என்ன, ஆரிட்டப் பழகினது, 1990 ஒக்டோபருக்கு முதல் சாமான் ஆரிட்ட வாங்கினது எண்ட கேள்விகளை ஒருத்தரும் முறையாகக் கேட்டுப் பதிந்ததை நாங்கள் காணவில்லை. கலைப்பீடத்தில் வாய்மொழி வரலாறு எண்டு ஒரு பாடம் படிக்கிறோம். அதுக்கு ஒரு போனும் ஒரு கொப்பியும் போதும். உங்கட ஊரில் இன்னும் ஒரு பழைய கராஜ் திறந்திருந்தால், அடுத்த லீவில் அங்க போய்க் கேட்டு எழுதுங்கோ. எங்களுக்கும் அனுப்புங்கோ.